எட்டாம் மாதம்: இறுக்கப் பழகுவதா, விடப் பழகுவதா?

கேள்வி: எனக்கு வயது 26. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் (தையல் மிஷின்) ஓட்டிக்கொண்டிருந்தேன், ஆறாம் மாதத்தோடு நின்றுவிட்டேன். இப்போது கோபி பக்கத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறேன். முதல் பிரசவம், 33 வாரம். குழந்தை தலை கீழே இருக்கிறது, நஞ்சுக்கொடி மேலே இருக்கிறது, பிரச்சினை இல்லை என்று ஸ்கேனில் சொன்னார்கள். அண்ணன் மனைவிக்கு, எங்கள் நங்கைக்கு, சுகப்பிரசவம்தான். ஆனால் குழந்தை வருகிற வாசலைக் கத்தரி வைத்து வெட்டித் தையல் போட்டார்கள். குழந்தைக்கு இரண்டு வயதாகியும் இருமினால் சிறுநீர் கசிகிறது என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து பயம். யூடியூபில் பார்த்துவிட்டுத் தினமும் 200 தடவை கெகல் (கீழே உள்ள தசையை இறுக்கி விடுகிற பயிற்சி) செய்கிறேன். அத்தையோ, "குத்த வெச்சு உக்காந்து வீடு கூட்டித் தொடை, தானா வழி விடும்" என்கிறார். ஒன்பதாம் மாதம் விளக்கெண்ணெய் குடிக்கவும் சொல்கிறார். கீழே எண்ணெய் தேய்த்தால் கிழியாது என்று கம்பெனித் தோழி சொன்னாள். பேசாமல் ஆபரேஷன் செய்துகொண்டால் இந்தத் தசை தப்புமா? இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அடுத்த மாதம் கட்டுச்சோத்து விருந்து முடிந்து பெருந்துறையில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். பெயர் போட வேண்டாம்.

பதில்:

அம்மிணி, முதல் வேலையாக அந்த 200 கெகலை நிறுத்துங்கள். கெகல் கெட்டதென்று சொல்ல வரவில்லை. ஆனால் பிரசவ நேரத்தில் இந்தத் தசை செய்ய வேண்டியது இறுகுகிற வேலை இல்லை. குழந்தையைக் கீழே இறக்குவதைக் கருப்பை பார்த்துக்கொள்ளும். கடைசிக் கட்டத்தில் உங்கள் மூச்சும் வயிறும் அதோடு சேர்ந்துகொள்ளும். அடியில் இருக்கிற தசை தளர்ந்து வழிவிட்டால் போதும். மீதமிருக்கிற ஆறேழு வாரத்தில் நீங்கள் பழக வேண்டியது பெரும்பாலும் அதைத்தான். உங்கள் யூடியூபும் சொல்லவில்லை, உங்கள் அத்தையும் சொல்லவில்லை.

தசை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் மீதி எளிது. அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்கம் கைக்கு ஓர் எலும்பு தட்டுப்படும். பின்னால் வாலெலும்பு. பக்கவாட்டில், கடினமான பெஞ்சில் உட்கார்ந்தால் குத்துகிற இரண்டு எலும்புகள். இந்த நான்கையும் சட்டமாக வைத்துக் கயிற்றுக் கட்டில் பின்னியதுபோல ஒரு தசைப் படுகை குறுக்கே கிடக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன. மூன்றுக்குமான வாசல்களும் அதன் ஊடேதான் போகின்றன. தலை வெளியே வருகிற சமயத்தில் இதன் நடுப்பகுதித் தசைகள் தம் நீளத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் நீள வேண்டியிருக்கும் என்று கணினி மாதிரிகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். கை, கால் தசையை அதில் பாதி இழுத்தாலே காயமாகிவிடும். கர்ப்ப காலம் முழுக்க உடம்பு இந்த இடத்தை நெகிழ்த்திக்கொண்டே வருவதால்தான் இது நடக்கிறது.

கெகல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948-இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதினார். பிரசவத்துக்குப் பின் தளர்ந்துபோன தசையை மீட்பதுதான் அவர் நோக்கம். பின்னால் வந்த ஆய்வுகள் கர்ப்ப காலத்திலும் இதற்குப் பலன் உண்டு என்று காட்டின. கசிவே இல்லாத பெண்கள் கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்து செய்துவந்தால், கடைசி மாதங்களில் கசிவு வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைகிறது. பிரசவத்துக்குப் பிறகும் சில மாதங்களுக்கு ஓரளவு பலன் தெரிகிறது. அதனால் செய்யுங்கள், அளவோடு. ஒரு வேளைக்கு எட்டு முதல் பத்து, நாளைக்கு மூன்று வேளை. அதற்கு மேல் வேண்டாம்.

எப்படி? காற்றை வெளியே விடாமல் அடக்குவதுபோல ஆசனவாயைச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தை அப்படியே முன்பக்கம் கொண்டுவாருங்கள். உள்ளே மேல்நோக்கித் தூக்குகிற உணர்வு வர வேண்டும். எட்டு விநாடி பிடிக்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் நான்கில் ஆரம்பியுங்கள். பிறகு முழுசாக விடுங்கள். பிடித்த நேரத்துக்குக் குறையாமல் ஓய்வு கொடுங்கள். புட்டம் இறுகினாலோ, தொடை ஒட்டினாலோ, மூச்சு நின்றாலோ வேறு தசை வேலை செய்கிறது என்று அர்த்தம். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பார்க்கச் சொல்கிற வீடியோக்கள் உண்டு. அதைப் பயிற்சியாகச் செய்யாதீர்கள், பை முழுதாகக் காலியாகாமல் போகும். இருமல், தும்மல் வருகிறது என்று தெரிந்தால் அதற்கு ஒரு நொடி முன்பு இந்தத் தசையைச் சுருக்கிவிடுங்கள். இது இப்போதும் உதவும், பிரசவத்துக்குப் பிறகும் உதவும்.

இதுவரை 200 செய்ததால் கெடுதல் ஆகிவிட்டதோ என்று கவலைப்பட வேண்டாம். தசைக்குப் பயிற்சி கொடுத்த பெண்களுக்குப் பிரசவம் இழுத்துக்கொண்டு போனதாக ஆய்வுகளில் தெரியவில்லை. களைத்த தசைக்குப் பத்தாவதுக்குப் பிறகு பலன் கம்மி, அவ்வளவுதான்.

எனக்குக் கவலை தருவது கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன இன்னொரு விஷயம். பவர்டேபிள். மிஷினை விட்டு எழுந்தால் பீஸ் கணக்கு போகும், லைனில் அடுத்த ஆள் காத்திருப்பார், பாத்ரூமில் வரிசை நிற்கும். அதனால் தண்ணீரே குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு மத்தியானம் வரை ஓட்டுவீர்கள். திருப்பூரிலிருந்து என்னிடம் வருகிற பெண்கள் பலர் இப்படித்தான் இருந்திருக்கிறார்கள். வருஷக்கணக்காக அடக்கிப் பழகியவர்களிடம் தசை பலவீனமாக இருக்கும் என்று நினைத்துக் கை வைத்தால், இறுகிப்போய்க் கிடக்கும். "விடுங்க" என்று சொன்னால் எப்படி விடுவதென்று தெரியாது. "தள்ளுங்க" என்றால் இன்னும் இறுக்குவார்கள். உங்களுக்கும் அப்படி இருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். கதவைச் சாத்திக்கொண்டு, தலையணைகளில் சாய்ந்து, ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். மெதுவாக மலம் கழிக்கிற மாதிரி, முக்காமல், கீழ்நோக்கி விடுங்கள். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடம் லேசாகப் புடைத்து வெளியே வந்தால் சரி. உள்ளே இழுத்துக்கொண்டால் தசை எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. முதல் தடவை இழுத்துக்கொள்வது ரொம்ப சாதாரணம், பழகினால் மாறும்.

பழகுகிற விதம் இது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வையுங்கள். மூக்கால் இழுக்கும்போது விலாவும் வயிறும் விரியட்டும். கூடவே அடித்தசையும் கீழே இறங்கி அகலும், உதரவிதானம் இறங்கும்போது அதுவும் சேர்ந்து இறங்குவது இயல்பு. அதைத் தடுக்காமல் கவனித்தால் போதும். வாயால் மூச்சை விடும்போது தாடையைத் தொங்க விடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவருக்குக் கீழே தளராது, பிரசவ அறையில் இதை நர்சம்மாக்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். உள்ளாடைக்கு மேலே கையை வைத்து அந்த அசைவு விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். காலையில் ஐந்து நிமிடம், ராத்திரி படுக்கப் போகும்போது ஐந்து நிமிடம். மல்லாந்து படுத்துச் செய்ய வேண்டாம். இந்த மாதங்களில் தூக்கத்துக்கும் ஒருக்களித்த நிலைதான் நல்லது.

கெகல் செய்யும்போதும் இதே கவனம் வேண்டும். பிடித்ததை எண்ணுகிறவர்கள் விட்டதை எண்ணுவதில்லை. ஒவ்வொரு தடவையும் முழுசாக விட்டுவிட்டோமா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 36 வாரத்துக்குப் பிறகு சுருக்குகிற பயிற்சியை ஒரு வேளையாகக் குறைத்து, தளர்த்துகிற பயிற்சியைக் கூட்டிக்கொள்ளச் சொல்வது என் வழக்கம்.

மலச்சிக்கலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை நிறையப் பேருக்கு மலத்தை இறுக்கிவிடும். தினமும் முக்கி முக்கிப் போனால், நான் மேலே சொன்னதற்கெல்லாம் நேர் எதிரான பயிற்சி நடக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், ரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போவது ஆபத்து. தண்ணீர், கீரை, கொய்யாப்பழம், ஊறவைத்த உலர் திராட்சை, காலையில் கம்பங்கூழ் என்று பாருங்கள். சரியாகவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லி இசப்கோல் (நார்ச்சத்துத் தூள்) மாதிரி ஏதாவது வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் மேல்நாட்டுக் கழிப்பறை இருந்தால் காலடியில் ஒரு முக்காலி போட்டு முழங்காலை உயர்த்தி வைத்து உட்காருங்கள். வந்தால் உடனே போங்கள். அடக்குகிற பழக்கம் கம்பெனியோடு போகட்டும்.

இப்போது எண்ணெய். உங்கள் தோழி சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் "கிழியாது" என்பது கொஞ்சம் அதிகம். ஏறக்குறைய 2,500 பெண்களிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 34, 35-ஆம் வாரத்திலிருந்து இந்த இடத்தை மசாஜ் செய்த முதல் பிரசவக்காரர்களுக்குத் தையல் தேவைப்படுவது சற்றுக் குறைந்திருந்தது. 15 பேர் செய்தால் ஒருவருக்குத் தையல் தப்பும் என்கிற அளவு. முக்கியமாகக் கத்தரி வைப்பது குறைந்தது. வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும், தினமும் செய்தவர்களுக்கு அதைவிட அதிகப் பலன் இல்லை. பலன் சின்னதுதான். ஆனால் செலவில்லாதது. அதைவிட, தலை இறங்கும்போது வருகிற அந்த எரிச்சலும் இழுப்பும் எப்படி இருக்கும் என்று உடம்புக்கு முன்கூட்டியே ஓர் அறிமுகம் கிடைக்கிறது. என் அனுபவத்தில் இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

அடுத்த செக்கப்பில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். நஞ்சு கீழே இருப்பவர்கள், ரத்தக்கசிவு உள்ளவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள், அரிப்போடு வெள்ளைப்படுதல் அல்லது புண் உள்ளவர்கள் செய்யக்கூடாது. 34 வாரம் முடியும் முன்பும் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெந்நீரில் குளித்த பிறகு செய்தால் இடம் இளகியிருக்கும். காங்கேயம் பக்கத்து ஊர்க்காரருக்கு எண்ணெய்க்கா பஞ்சம்? வாசனை எதுவும் சேர்க்காத சுத்தமான தேங்காய் எண்ணெய் போதும். சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து, முழங்காலை மடித்து அகட்டிக்கொள்ளுங்கள். கட்டைவிரலை முதல் கணு அளவுக்கு உள்ளே விட்டு, ஆசனவாய்ப் பக்கமாகக் கீழ்நோக்கியும் பிறகு பக்கவாட்டிலும் அழுத்துங்கள். லேசாக எரிகிற, இழுக்கிற இடம் வந்ததும் அங்கேயே ஒரு நிமிடம் நிறுத்தி, மேலே சொன்ன மூச்சை விடுங்கள். பிறகு கீழ்ப்பாதியில் அரைவட்டமாக மெதுவாக நகர்த்துங்கள். மேல்பக்கம் சிறுநீர்த் துளை இருக்கிறது, அங்கே அழுத்த வேண்டாம். மொத்தமே ஐந்து நிமிடம்தான். குத்துகிற வலி வந்தால் விட்டுவிடுங்கள்.

வயிறு பெரிதாகிக் கை எட்டாமல் போகலாம். அப்போது கணவர் ஆள்காட்டி விரலால் செய்யலாம். அம்மா வீட்டுக்குப் போன பிறகு அது நடக்கிற காரியமா என்பது உங்கள் வீட்டுச் சமாச்சாரம். இடுப்பைச் சற்று முன்தள்ளி, ஒரு காலைச் சின்ன ஸ்டூலில் வைத்து நின்றபடி ஒரு கையாலும் செய்ய முடியும். இதெல்லாம் அருவருப்பாகத் தோன்றினால் விட்டுவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற மசாஜால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

அத்தை சொல்வதற்கு வருவோம். குத்த வைத்து உட்கார்ந்தால் இடுப்பெலும்பின் கீழ்வாசல் கொஞ்சம் அகலும், அது உண்மை. கொஞ்ச நேரம், ஒரு கையால் கட்டில் காலையோ ஜன்னலையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது நல்லதுதான். முன் எலும்பிலோ தொடை இடுக்கிலோ வலித்தால் நிறுத்திவிட வேண்டும். வாத்து நடை என்று குத்தவைத்த வாக்கில் வீடு முழுக்க நடக்கச் சொன்னால் செய்யாதீர்கள். நடந்து போவது, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்று இடுப்பை ஆட்டுவது இரண்டும் இதைவிடச் சுகம். "நாங்கெல்லாம் மஞ்சக்காட்டுல களை வெட்டிட்டே போயிப் பெத்துப்போட்டு வந்தோம்" என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படிப் பெற்றவர்களில் எத்தனையோ பேர் கருப்பை அடி இறங்கி, வீட்டில் மகளிடம்கூடச் சொல்லாமல் துணியை வைத்துச் சமாளித்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். அறுபது வயதுக்கு மேல் என்னிடம் வந்து, "இது எல்லாருக்கும் இருக்கறதுதானுங்களே" என்று கேட்ட ஆத்தாக்கள் உண்டு. அதனால் அந்தக் காலத்துப் பிரசவத்தை அளவுகோலாக வைத்து உங்களை நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டாம்.

விளக்கெண்ணெய் குடிக்காதீர்கள். வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து, தெம்பு தேவைப்படுகிற நேரத்தில் உடம்பில் நீர் வற்றிப்போகும். "டாக்டர் வேண்டாம்னுட்டாங்க அத்தை" என்று பழியை என்மேல் போட்டுவிடுங்கள்.

ஆபரேஷன் செய்தால் தசை தப்புமா? பாதி தப்பும் என்று சொல்லலாம். குழந்தை அந்த வழியாக வராததால் கிழியாது, பிற்காலத்தில் கசிவும் கருப்பை இறக்கமும் வருகிற வாய்ப்பும் குறைவு. ஆனால் ஒன்பது மாதம் சுமந்ததன் பாரம் அந்தத் தசைமேல் ஏற்கெனவே விழுந்துவிட்டது, சிசேரியன் ஆனவர்களுக்கும் கசிவு வருகிறது. அதற்குப் பதிலாக வயிற்றில் ஒரு பெரிய காயம், கிருமித்தொற்று, ரத்தப்போக்கு, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு தழும்பில் போய் ஒட்டிக்கொள்கிற அபாயம் என்று வேறு கணக்குகள் சேரும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்தால் 64. இதில் கிழிசலுக்குப் பயந்து கேட்டு வாங்கிக்கொண்டதும் இருக்கத்தான் செய்யும். நீங்கள் சொல்கிற நிலையில், தசையைக் காப்பாற்றுவதற்கென்று மட்டும் நான் அதைச் சொல்ல மாட்டேன். குழந்தைக்கோ உங்களுக்கோ அவசியம் என்று மருத்துவர் சொன்னால் யோசிக்காமல் போங்கள்.

கிழிசலைப் பற்றி ஒன்று. முதல் சுகப்பிரசவத்தில் பத்தில் ஒன்பது பேர் வரை ஏதோ ஒரு சிராய்ப்போ கிழிசலோ கத்தரிப்போ ஆகிறது என்பது பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் காலேஜ் சொல்கிற கணக்கு. பெரும்பாலும் மேல்தோலும் கொஞ்சம் தசையும்தான். சில வாரத்தில் ஆறிவிடும். ஆசனவாய்த் தசை வரை போகிற ஆழமான கிழிசல் அங்கே முதல் பிரசவங்களில் நூற்றுக்கு ஆறு. நாம் உண்மையில் தவிர்க்கப் பார்ப்பது இதைத்தான். அதில் வீட்டுப் பயிற்சிக்கு இருக்கிற பங்கைவிடப் பிரசவ அறையில் நடப்பதற்குப் பங்கு அதிகம். அதனால்தான் கூச்சத்தை விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

அம்மா வீட்டுக்குப் போனதும் பிரசவம் பார்க்கப்போகிற மருத்துவமனையில் முதல் செக்கப்புக்குப் போவீர்கள் இல்லையா, அன்றைக்கே பேசிவிடுங்கள். வலி வந்த பிறகு பேச முடியாது. "மேடம், எல்லாருக்கும் கத்தரி வெப்பீங்களா, தேவைப்பட்டா மட்டுந்தானுங்களா?" என்று நேராகக் கேளுங்கள். எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரி வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைகளில் இருக்கிறது. ஆயுதம் (இடுக்கி மாதிரி கருவி) போட்டுக் குழந்தையை எடுக்க வேண்டி வந்தாலோ, குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கினாலோ கத்தரி வைப்பது நியாயம், அப்போது மறுக்கக் கூடாது. இரண்டாவது, "ஒருக்களிச்சுப் படுத்துப் பெத்துக்கலாமுங்களா?" என்று கேளுங்கள். காலைத் தூக்கிக் கட்டிய நிலையைவிட அடித்தசைக்கு அது இதம். எங்கும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. குறைந்தபட்சம் வலி எடுக்கிற மணிநேரங்களில் நடக்கவும் முன்னால் சாய்ந்து நிற்கவும் விடுவார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாவது, தலை தெரிகிற நேரத்தில் வெதுவெதுப்பான ஈரத்துணியை அந்த இடத்தில் வைத்துப் பிடிப்பது. கேட்கச் சின்ன விஷயம், ஆனால் ஆழமான கிழிசலைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்தவற்றில் இதுவும் ஒன்று. மேலே வயிற்றைப் பிடித்து அமுக்குவதை அதே 2018 பரிந்துரைகள் வேண்டாம் என்கின்றன, அதையும் சொல்லி வையுங்கள். கேட்கிற தொனியில் மரியாதை இருந்தால் பெரும்பாலான நர்சம்மாக்கள் கோபப்பட மாட்டார்கள்.

அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணை இருக்கலாம். சொந்தத்தில் வயதில் பெரியவர் என்பதற்காக ஒருவரைக் கூட்டிப் போகாதீர்கள். பதறாதவர் யாரோ அவர் வரட்டும். அவருக்கு நான்கு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் போதும்: "தாடையை விடு, தோளை விடு, மூச்சை விடு, கீழ விடு." அறையில் யாராவது "மூச்சைப் புடிச்சுக்கிட்டு முக்கு, முக்கு" என்று சத்தம் போடலாம். உடம்பே தள்ளச் சொல்லி உந்துகிற வரைக்கும் காத்திருங்கள். உந்துதல் வந்ததும் அதன் போக்கில் தள்ளுங்கள். தலை வாசலில் நிற்கும்போது நெருப்பு வைத்தாற்போல எரியும். அந்த நேரம் மருத்துவர் "தள்ளாதே" என்பார். அப்போது வாயைக் குவித்துச் சின்னச் சின்னதாக ஊதுங்கள். தலை மெதுவாக வந்தால் தசைக்கு நீள்வதற்கு நேரம் கிடைக்கும்.

அதற்கு முன்பே குழந்தை அசைவு குறைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பனிக்குடத் தண்ணீர் போனாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ பயிற்சி, மசாஜ் எதையும் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நங்கையின் கசிவு பிரசவத்தின் விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வருஷம் ஆனாலும் சரிசெய்ய வழி இருக்கிறது. கண்காணிப்போடு மூன்று மாதம் தசைப் பயிற்சி செய்வதுதான் முதல் சிகிச்சை. கோவையிலும் பெருந்துறையிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மகப்பேறு புறநோயாளிப் பிரிவில் காட்டி, இயன்முறை சிகிச்சைக்கு எழுதித் தரும்படி கேட்கச் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு, சிறுநீர் தானாகப் போக ஆரம்பித்ததும் மறுநாளே படுத்தபடி மெல்லச் சுருக்கி விடலாம். தையல் பிரியாது, ரத்த ஓட்டம் கூடி ஆறுவதற்கு உதவும். தையல் வீங்கி வலித்தால் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைக்கலாம். ஜன்னி வந்துவிடும் என்று அம்மா பதறுவார், வராது. மஞ்சள் பற்று எதுவும் தையல்மேல் வேண்டாம். வயிறு உள்ளே போக வேண்டும் என்று சேலையை இறுக்கிக் கட்டிவிடப் பார்ப்பார்கள். அந்த அழுத்தமெல்லாம் ஏற்கெனவே களைத்துக் கிடக்கிற அடித்தசைமேல்தான் போய் விழும், தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள். ஆறு வாரம் குடம், மூட்டை தூக்க வேண்டாம். ஒன்றரை மாத ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற அன்றைக்கே உங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு, காற்று அடக்க முடியாமல் போவது, கீழே ஏதோ இறங்கின மாதிரி பாரம், தையலில் தீராத வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் அவர்களாகக் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.